ஞாயிற்றுக்கிழமை மருந்து

பன்றிக்குத் தமிழில் உள்ள பெயர்கள் எல்லாம் என் அப்பாவுக்கு மனப்பாடம். கேழல், ஏனம், வராகம், சூகரம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பில் அது வேகும்போது மட்டும் அவர் வாயில் அதற்கு ஒரே பெயர்தான், மருந்து. அந்த ஒரு சொல்லால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். தாத்தா காலம் வரைக்கும் எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். அப்பா காலத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள். எங்கள் தெருவில் பன்றி வளர்க்கிற வீடுகள் இருந்தன. சம்பா அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நிற்கிற வயலில் அவற்றை இறக்கிவிட்டால் சிந்திய நெல்லையும் மண்ணுக்குள் இருக்கிற கோரைக்கிழங்கையும் மூக்காலேயே தோண்டித் தின்றுவிட்டு, வயிறு தரையில் இழுபட வீடு திரும்பும். யாராவது ஏரைக் கோணலாக ஓட்டினால் "என்னடா, பன்னி உழுத மாதிரி இருக்கு" என்று எங்கள் பக்கம் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. கோரையை வேரோடும் கிழங்கோடும் எடுக்க எந்த மருந்தாலும் முடியவில்லை என்று விவசாய இலாகாக்காரர்களே புலம்புகிறார்கள். பன்றி அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறது. செய்கிற வேலைக்கு நன்றி வேண்டாம், திட்டாமலாவது இருக்கலாம்.

பொங்கலை ஒட்டியோ ஏதாவது விசேஷத்தை ஒட்டியோ தெருவில் ஒன்றை அறுப்பார்கள். வைக்கோலைப் போட்டு வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, பூவரச இலையில் கூறு போட்டு வைப்பார்கள். வாட்டுகிற வாசனை வாய்க்காலைத் தாண்டி ஊர்த்தெரு வரைக்கும் போகும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து தூக்குச்சட்டியும் கையுமாக ஆட்கள் வருவார்கள். எங்கள் தெருவுக்குள் கால் வைக்க மாட்டார்கள். வாய்க்கால் மதகு ஓரத்தில் நின்றுகொண்டு, "மூலச்சூடு தாங்கல. மருந்துக்குக் கொஞ்சம் வேணும்" என்பார்கள். பன்றிக்கறி சாப்பிட்டால் மூலம் அடங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பா சிறுவனாக இருந்தபோது மதகு வரைக்கும் போய்ச் சட்டிகளை வாங்கி வந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறார். "அத்தனை பேருக்கும் நெஜமாவே மூலம் இருந்திருந்தா ஊர்ல ஒருத்தராலயும் உக்காந்திருக்க முடியாது" என்பார்.

ஆக, மருந்து என்ற சொல் எங்கள் சொல்லே அல்ல. ஊர்த்தெருவின் சொல். நாங்கள் தஞ்சாவூருக்கு வந்த பிறகு அதைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

அப்பாவுக்கு மாற்றல் வந்து தஞ்சாவூரில் வீடு தேடியபோது எனக்கு விவரம் தெரிகிற வயது. எந்த ஊர் என்று கேட்பார்கள். அப்பா சொல்வார். ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அப்பா அதையும் சொல்வார். உடனே அந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது வரப்போவதாகத் தெரிய வரும். வடவாற்றுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் மட்டும் அப்படி யாரும் வரவில்லை. அந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா கீழே தனியாக இருந்தார். பாபநாசம் பக்கம் நிலம் உள்ள குடும்பம், கணவர் இல்லை, ஒரே மகன் சிங்கப்பூரில். அப்பா தெருவின் பெயரைச் சொன்னதும் அவர் எங்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "வாத்தியாருங்கிறீங்க, புள்ளைங்க வேற படிக்குதுங்க. சரி, வாங்க" என்றார். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "ஒண்ணு மட்டும் சார். கோழி, ஆடு, மீனு எல்லாம் நாங்களும் திங்கிறதுதான். மாடியில அது மட்டும் ஆக்கக் கூடாது" என்றார்.

எது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அப்பா தலையை ஆட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஓனரம்மாவுக்கு அந்தச் சொல் வாயிலேயே வராது. தொலைக்காட்சியில் பன்றிக் காய்ச்சல் என்று செய்தி வாசித்தால் சத்தத்தைக் குறைப்பார். அடுத்த நாள் எங்களிடம் "அந்தக் காய்ச்சலு பரவுதாம், ஜாக்கிரதையா இருங்க" என்பார். தெருவில் ஒன்று குறுக்கே ஓடினால் "அது போவுது பாரு" என்பார். இத்தனைக்கும் அவருடைய இஷ்ட தெய்வம் வாராகி. பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கிறாளே, பன்றி முகத்தோடு, அவள்தான். பஞ்சமி தவறாமல் போய்விடுவார். மண்ணுக்குள் விளைகிற கிழங்குதான் அவளுக்குப் பிடிக்கும் என்று சர்க்கரைவள்ளியை அவித்துத் தூக்கில் போட்டு, மாதுளையும் உதிர்த்து எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் மாடி ஏறி எங்கள் எல்லோர் நெற்றியிலும் தன் கையாலேயே குங்குமம் வைத்துக் கிழங்கைக் கொடுப்பார். "அம்மா மொகம் இன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று கண் கலங்குவார். முகம் என்ன முகம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அப்பா ஒரு மாதம்தான் தாக்குப் பிடித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு புறவழிச்சாலைப் பக்கம் போகத் தொடங்கினார். அங்கே 'வெண்பன்றி இறைச்சி இங்கே கிடைக்கும்' என்று பலகை வைத்த கடை உண்டு. வெண்பன்றி என்று போட்டுவிட்டால் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது. நகரத்து ஓட்டல்காரர்கள் போர்க் என்று இன்னும் கொஞ்சம் மரியாதை கூட்டுகிறார்கள். அப்பா வாங்கிய கறியை ஒரு மருந்துக்கடைத் துணிப்பையில் வைத்து எடுத்து வருவார். 'மெடிக்கல்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பை. தம்பி மாடிப்படியில் நின்று பையைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அம்மா, மருந்து வந்துருச்சு" என்று கத்துவான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எந்த நோயாளிக்கும் இருந்திருக்காது.

வாசனையை மறைக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கறி வேகும்போதே பக்கத்து அடுப்பில் அதிராம்பட்டினத்துக் கருவாட்டை வறுப்பார். ஊரில் எல்லோரும் கருவாட்டு நாற்றம் போகச் சாம்பிராணி போடுவார்கள். கருவாட்டையே சாம்பிராணியாகப் போட்டவர் என் அம்மாதான்.

எங்கள் பக்கம் சமையல் பாத்திரத்தையும் ஏனம் என்போம். அப்பாவுக்கு அதில் ஒரு நகைச்சுவை. குக்கர் அடங்கியதும் சமையலறை வாசலில் வந்து நின்று, "ஏனத்துல ஏனம் வெந்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்பார். வாரா வாரம் இதே நகைச்சுவை. அம்மா வாரா வாரம் சிரிக்க மாட்டார்.

அப்பா எங்களை அடித்ததில்லை. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவருக்குக் கோபம் வரும். நானும் தம்பியும் சண்டையில் "போடா பன்னி", "போடி பன்னி" என்று திட்டிக்கொண்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "தட்டுல போட்டுத் திங்கிறத வசவாக்காதீங்க" என்பார். பிறகு நான் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுக்கப் போனேன். என் வகுப்புப் பெண்கள் உயிர்த் தோழியைக் கூப்பிடுவதே அப்படித்தான். "எங்கடி போன பன்னி", "சாப்டியா பன்னி". வாட்ஸ்அப்பில் குண்டுப் பன்றிக்குட்டி இதயத்தைக் கட்டிப்பிடித்திருக்கிற ஸ்டிக்கர் வேறு. ஒருநாள் வராந்தாவில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "நீங்க" என்று பேசிக்கொண்டிருந்தாள். என்னம்மா சண்டையா என்று கேட்டேன். ஆமாம் மேம், மூன்று நாளாக அவள் என்னைப் பன்னி என்றே கூப்பிடவில்லை என்று அழுதாள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். அவ்வளவு நேரம் சிரித்தும் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லவில்லை.

திங்கட்கிழமைகளில் ஓனரம்மா அம்மாவிடம் தவறாமல் கேட்பார்: "உடம்பு இப்ப தேவலையா?" அம்மா "நல்லாருக்குக்கா" என்பார். யாருக்குத்தான் உடம்பு விசாரிக்கிற வழக்கம் இல்லை. நாங்கள் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொண்டோம். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டு, "கொஞ்சம் பூசுனாப்புல இருக்க. மருந்து ஒத்துக்கிச்சு போல" என்று ஒருமுறை சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துவிட்டது, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்று நினைத்து அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மா அந்த ஞாயிறு இரண்டு பங்கு கருவாடு வறுத்தார்.

இந்த நிலையில்தான் எனக்கு மாப்பிள்ளை வந்தது. திருச்சியில் வேலை. அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். எங்கள் ஆட்கள்தான், ஆனால் எங்களுக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே டவுனுக்குப் போனவர்கள். பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க வீட்ல கோழி, மீனு. அதத் தவிர வேற எதுவும் உள்ள வராது" என்றார். எங்கள் அப்பா பவ்யமாகத் தலையாட்டினார்.

மாப்பிள்ளைக்கும் எனக்கும் பேச எண்கள் கொடுத்தார்கள். மாணவிகளின் பன்னிக் கதையை நான் சொன்னபோது அவர், "உங்களை யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்காங்களா?" என்று கேட்டார். சண்டையில் தம்பி திட்டியதோடு சரி, அப்பாவுக்குப் பிடிக்காது, அதனால் செல்லமாக யாருமில்லை என்றேன். "சரிங்க, அப்ப இடம் காலியா இருக்கு" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய சித்தப்பா எங்கள் தெருவில் வந்து விசாரித்தார். எங்கும் உள்ள வழக்கம்தான். கீழ்வீட்டில் கேட்காமல் வேறு எங்கே கேட்பார்? ஓனரம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, எங்களுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று மனதாரச் சொல்லியிருக்கிறார்: "தங்கமான குடும்பம். பாவம், வீடு பூராவும் மருந்துதான். ஞாயித்துக்கிழமை ஆனா சார் மெடிக்கல்லேருந்து பையோட வருவாரு. அந்தப் பொண்ணும் சின்ன வயசுலேருந்து எடுத்துக்குது. ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல. ரொம்ப தைரியமான பொண்ணு."

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா அப்பாவுக்குப் போன் செய்தார். "சார், மறைக்காம சொல்லுங்க. பொண்ணுக்கு என்ன? வாரத்துக்கு ஒரு தடவ என்ன மருந்து குடுக்குறீங்க?"

அப்பா போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றிய பதில், "அது ஒண்ணுமில்லம்மா. ஒரு மாதிரி நாட்டு மருந்து."

முப்பது வருஷம் வார்டில் நின்ற ஒரு நர்ஸிடம் சொல்லக்கூடாத சொல் அது. "யார் குடுக்குறது? சீட்டு இருக்கா? எத்தனை பேரு கிட்னி போயி வந்து படுத்திருக்காங்க தெரியுமா?" என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரில் வருகிறோம், மருந்தையும் சீட்டையும் எடுத்து வையுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எங்கள் பாடு இப்படி ஆயிற்று. உண்மையைச் சொன்னால் வீடு போகும். கோழி மீனுக்கு மேல் எதுவும் உள்ளே வராத சம்பந்தமும் போகலாம். சொல்லாவிட்டால் எனக்குத் தீராத நோய் என்று ஆகிவிடும். இந்தச் சம்பந்தம் மட்டுமல்ல, இதற்குப் பிறகு யாரும் வர மாட்டார்கள். மாப்பிள்ளை அன்று இரவு கூப்பிட்டார். "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லங்க. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார். நான் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா, "நான் பாத்துக்கிறேன், நீ எதுவும் சொல்லாதே" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். நேரில் வாங்க, அப்பா சொல்வார் என்றேன். அது இன்னும் பெரிய வியாதி மாதிரி கேட்டது. எந்த நோயும் இல்லாமல் ஒரு நோயாளியாக நான் அழுதேன்.

ஞாயிறு காலையில் அப்பா இன்றைக்குக் கடைக்குப் போக வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் பையை எடுத்து அவர் மடியில் போட்டார். "போற கல்யாணம் போவட்டும். ஞாயித்துக்கிழமையும் சேந்து போவணுமா?"

சாயங்காலம் வருகிறோம் என்றவர்கள் மதியமே வந்துவிட்டார்கள். வார்டில் முன்கூட்டிச் சொல்லாமல் ரவுண்ட்ஸ் வருகிற பழக்கம் அந்த அம்மாவுக்கு விடவில்லை. ஓனரம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டு தானே மாடி ஏறி வந்தார். அடுப்பில் குக்கர். பக்கத்தில் கருவாடு இன்னும் வாணலிக்குக்கூடப் போகவில்லை. மாப்பிள்ளை கடைசியாக வந்து சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஓனரம்மா அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "சார், மருந்து பேரச் சொல்லிருங்க. எதா இருந்தாலும் நான் கூட இருக்கேன். பொண்ணு வாழ்க்கை" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அடைமழை மாதிரி பேசியவர். அன்றைக்குப் பாவம், தமிழுக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

"அது வந்து… கேழல்" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா முகம் தெளிந்து, "கேழ்வரகா? அது நல்லதுதானே, சுகருக்கு நாங்களும் குடிக்கிறோம்" என்றார்.

"கேழ்வரகு இல்லைங்க. ஏனம்."

ஓனரம்மா, "ஏனத்துக்கு என்ன சார்? எந்த ஏனத்துல காச்சுறீங்க, அலுமினியமா?" என்றார்.

"ஏனம்னா அந்த ஏனம் இல்லம்மா. வராகம்."

ஓனரம்மாவின் இரண்டு கையும் கன்னத்துக்குப் போயின. "வாராகி அம்மனுக்கு வேண்டுதலா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவரிடம் இன்னும் சூகரம் பாக்கி இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் சுகர் என்று எழுதி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். நல்ல வேளை, அதற்குள் அம்மா கரண்டியோடு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"பன்னிக்கறிங்க. அடுப்புல இருக்கு."

குக்கர் விசில் அடித்தது. விசிலோடு வந்த வாசனையை முதல் முறையாகக் கருவாட்டின் துணையில்லாமல் அந்தக் கூடத்தில் எல்லோரும் சுவாசித்தோம். அம்மா கரண்டியைத் தாழ்த்தவில்லை. "அவளுக்கு ஒரு நோயும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா பன்னிக்கறி திம்போம். வெளிய சொல்ல முடியாம மருந்துன்னு சொன்னோம். அவ்வளவுதான்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகச் சமையலறைக்குள் போய்க் குக்கர் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். "மிளகு வாசம் வருது. சீரகம் பத்தல" என்றார். பிறகு திரும்பி, கூடத்தில் இருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்து, ஒரு மாதிரி குரலில், "ஏங்க, சேனைக்கிழங்குங்க" என்றார்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க அவர்கள் வீட்டில் அதற்குச் சேனைக்கிழங்கு என்று பெயராம். வார்டிலும் குவார்ட்டர்ஸிலும் யார் காதிலாவது விழுந்துவிடும் என்று பயந்து, பிறகு பையன் பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவான் என்று பயந்து, கடைசியில் வாங்குவதையே விட்டுவிட்டார்களாம். "மறந்தே போச்சுன்னு நெனச்சேன்" என்றார். அவர் கண்ணில் நீர் வந்திருந்தது. வெங்காயம் எதுவும் அங்கே இல்லை.

நான் சிரித்துக்கொண்டே கூடத்தைத் திரும்பிப் பார்த்தபோது ஓனரம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அவர் படியிறங்கிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

சம்பந்தம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். என் கண் மட்டும் மாடிப்படியிலேயே இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை, உடம்பு தேவலையா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாத திங்கட்கிழமை இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வாடகைக்கு என்று பலகை தொங்குகிற தெருக்களாகப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க ஓனரம்மா எங்களைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். கோபித்துச் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பஞ்சமி வந்தது. அவர் தூக்கோடு கோயிலுக்குப் போனதை மாடியிலிருந்து பார்த்தோம். இந்த முறை மேலே வர மாட்டார் என்று அம்மா சொன்னார். ஆனால் இருட்டுவதற்குள் படியில் அவர் காலடி கேட்டது. உள்ளே வந்தார், நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே என்னிடம் கேட்டார்.

"இத்தன வருஷமா பஞ்சமிக்குப் பஞ்சமி அவகிட்ட போயி நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? மாடி வீட்டுப் புள்ளைங்க அந்த மருந்த விட்டுரணும், அது இல்லாமலே நல்லாருக்கணும் தாயேன்னு. அவ மொகத்தப் பாத்துக்கிட்டே கேட்டுருக்கேன். அந்த மொகத்தப் பாத்து." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில் சிரிப்பு என்று தெரிந்தது. "இன்னிக்குப் போனா, என்னைப் பாத்துச் சிரிக்கிறா."

பிறகு சிரிப்பு நின்றது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார் அம்மாவைப் பார்த்து.

"சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களாக்கா?"

ஓனரம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "குடுத்திருக்க மாட்டேன்" என்றார். தூக்கைத் திறந்து கிழங்கை எடுத்தார். "எங்க வீட்டுக்காரரும் மூலத்துக்குன்னு தூக்குச்சட்டி எடுத்துக்கிட்டுப் போனவருதான். எந்தத் தெருவுக்குப் போனாருன்னு எனக்குத் தெரியும். மருந்துன்னாரு, நானும் மருந்துன்னே வச்சுக்கிட்டேன்." ஒவ்வொருவர் கையிலும் கிழங்கை வைத்தார். அப்பாவின் கையில் வைக்கும்போது, "வீடு பாக்கப் போறீங்களாமே. எதுக்கு? ஆக்குறதுன்னா ஆக்குங்க. அந்தக் கருவாட்ட மட்டும் வறுக்காதீங்க சார், இத்தன வருஷமா அந்த நாத்தம்தான் தாங்கல" என்றார்.

என் நெற்றியில் குங்குமம் வைத்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாடி ஏறுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் இப்போதும் மருந்து என்றுதான் சொல்கிறார். பன்றி என்ற சொல்லை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை. 'அது' என்பது 'அது'வாகவே இருந்தது. அப்பாவும் அப்படித்தான். பெரியவர்களில் அம்மா ஒருவர்தான் அந்த வீட்டில் அதைச் சொன்னவர்.

கல்யாணமாகி நான் திருச்சிக்குப் போனேன். காலியாக இருந்த அந்த இடம் இப்போது காலியாக இல்லை. மாமியார் இல்லாத நேரத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவர் என்னை அப்படிக் கூப்பிடுகிறார். மாமியார் சீரகம் சரியாகப் போடுகிறார். பிரசவத்துக்குத் தஞ்சாவூர் வந்தேன். பெண் பிறந்தாள். பால் குடித்துக் குடித்து மூன்றாவது மாதத்தில் கை கால் எல்லாம் மடிப்பு மடிப்பாக, கழுத்தே தெரியாமல், குடிக்கும்போது மூக்கால் ஒரு சத்தத்தோடு இருந்தாள்.

ஒரு பஞ்சமி அன்று ஓனரம்மா கோயிலிலிருந்து நேராக மேலே வந்தார். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓனரம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை வாரி எடுத்து, குங்குமம் வைத்து, அந்த மடிப்புக் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தார். குழந்தை உறுமிச் சிரித்தது.

"வாடி, என் பன்னிக்குட்டி."

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். நான் பார்த்தேன், அம்மா பார்த்தார். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். முப்பது வருஷத்து வாத்தியார் பழக்கம் அவரை முந்திக்கொண்டது.

"பன்னி இல்லம்மா, பன்றி" என்றார். "வல்லின றகரம். பன்றி. பன்றிக்குட்டி."

சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார். ஓனரம்மா குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "உங்க தமிழ் கேழ்வரகோடயே இருக்கட்டும் சார்" என்றார். "எங்களுக்குப் பன்னிக்குட்டிதான்."